பட்டனை அழுத்திய கை: வீடியோ கேம் கதைகளில் அறச்சிக்கலும் குற்றவுணர்வும்

ஹிடியோ கோஜிமாவின் இயக்கத்தில் 2004இல் வெளியான ‘மெட்டல் கியர் சாலிட் 3’ கேமின் இறுதிக்கட்டம் வெள்ளைப் பூக்கள் நிறைந்த வெளியொன்றில் நடக்கிறது. நாயகன் ஸ்னேக், தனக்குப் போர்க்கலை கற்றுத்தந்த ஆசானையே வீழ்த்திவிட்டான். தரையில் கிடக்கும் அவள், தன்னைக் கொன்றுவிடும்படி கேட்கிறாள். ஸ்னேக் துப்பாக்கியை நீட்டுகிறான். அதுவரை சினிமாபோல ஓடிக்கொண்டிருந்த காட்சி அங்கே நின்றுவிடுகிறது. ஆடுபவர் சுடும் பட்டனை அழுத்தும்வரை கதை நகராது. அவளைக் காப்பாற்ற வழி எதுவும் வைக்கப்படவில்லை. அவள் சாவது முன்பே எழுதி முடிக்கப்பட்ட விஷயம். ஆனாலும் அந்தப் பட்டனின் மேல் விரல் தயங்குகிறது.

அந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது? இல்லாத ஒருத்தியின் சாவுக்காக, கையில் கன்ட்ரோலரை வைத்திருப்பவர் ஏன் கலங்க வேண்டும்? அந்தக் கலக்கத்தை எழுப்புவது கலைத்திறனா, மலிவான தந்திரமா? கேம்களை உருவாக்குபவர்களும் விமர்சகர்களும் தத்துவவாதிகளும் உளவியலாளர்களும் நாற்பது ஆண்டுகளாக இந்தக் கேள்விகளைச் சுற்றி வந்திருக்கிறார்கள். அவர்கள் கண்ட விடைகளைத் தொகுத்துப் பார்க்கும்போது எனக்கு ஒரு விஷயம் உறுதிப்படுகிறது. ஆடுபவர்மீது பழி போடுவது எளிது. ஒரு பிணமும் சோக இசையும் போதும். அந்தப் பழி அவருடையதாகவே ஆக வேண்டுமானால், அவருக்கு இன்னொரு வழி திறந்திருக்க வேண்டும். தன் தேவையாலோ பழக்கத்தாலோ அந்த வழியை அவரே காணாமல் விட்டிருக்க வேண்டும்.

பார்ப்பவரும் செய்பவரும்

தான் வழங்கிய தீர்ப்பு பிழையென்று தெரிந்த கணத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் அரியணையிலேயே உயிர்விடுகிறான். சிலப்பதிகாரத்தைப் படிக்கும் நமக்குக் கோவலனுக்காக மனம் பதறுகிறது, பாண்டியனுக்காகவும் இரங்குகிறது. ஆனால் அந்தத் தீர்ப்பை நாம் வழங்கவில்லை. காவியமும் நாவலும் சினிமாவும் நம்மைச் சாட்சியாக வைக்கின்றன. கேம் நம்மை அரியணையில் உட்காரவைத்து, கட்டளையை நம் வாயிலிருந்தே வரவழைக்கிறது.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள ஆங்கிலேயத் தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் துணைசெய்கிறார். ‘அறமும் அதிர்ஷ்டமும்’ என்ற பொருளில் 1976இல் அவர் முன்வைத்த கட்டுரையில் ஒரு லாரி ஓட்டுநர் வருகிறார். அவர் பக்கம் எந்தத் தவறும் இல்லாமலே ஒரு குழந்தை லாரியில் அடிபட்டு இறந்துபோகிறது. சாலையில் நின்று பார்த்தவர்களுக்கும் துக்கம்தான். ஆனால் ஓட்டுநருக்கு வரும் துக்கம் வேறு வகையானது. ‘உன்மேல் தப்பில்லை’ என்று எல்லோரும் தேற்றுவார்கள். அவர் சட்டென்று தேறிவிட்டாலோ, அவரைப் பற்றி நமக்கே ஐயம் வந்துவிடும்.

பிழை இல்லாதபோதும் செய்த கைக்கு வரும் வருத்தம் இது. குற்றவுணர்வு இதிலிருந்து வேறுபட்டது. ‘வேறு மாதிரி செய்திருக்கலாம், செய்யவில்லை’ என்று தெரிந்த இடத்தில்தான் அது பிறக்கும். கேம்களைப் பற்றிய விவாதங்களில் இவ்விரண்டும் ஓயாமல் ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. ஸ்னேக்கின் துப்பாக்கி நமக்குத் தருவது முதல் வகை. இரண்டாவது வகையை எழுப்ப முயன்ற கேம்களின் வரலாறு நீளமானது, அதில் தோல்விகளும் ஏராளம்.

கணக்கில் வைக்கப்பட்ட அறம்

அந்த வரலாற்றின் தொடக்கத்திலேயே ஓர் அரிய சாதனை இருக்கிறது. ரிச்சர்ட் கேரியட் 1985இல் வெளியிட்ட ‘அல்டிமா 4’ கேமில் இறுதியில் வீழ்த்தவேண்டிய வில்லன் கிடையாது. நேர்மை, கருணை, வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், பணிவு என்னும் எட்டுப் பண்புகளிலும் தேறி, முன்மாதிரி மனிதராக ஆவதே இலக்கு. மந்திரத்துக்கு வேண்டிய மூலிகைகளைக் கண்பார்வையற்ற ஒரு பெண் விற்கிறார். அவர் விலையைச் சொல்வார். காசை நாமே எண்ணி வைக்க வேண்டும். குறைத்து வைத்தாலும் அவருக்குத் தெரியாது. எந்த எச்சரிக்கையும் வராது. ஆனால் கேம் தனக்குள் குறித்துவைத்துக்கொள்ளும். நேர்மையில் நாம் சரிந்திருப்பது வெகுநேரம் கழித்தே வெளிப்படும். திரையில் எந்த எண்ணும் ஓடாததால், யாரும் பார்க்கவில்லை என்று நம்பி நாம் செய்தது நம்முடைய செயலாகவே நின்றுவிடுகிறது.

பின்னால் வந்தவர்கள் அந்த மறைந்த கணக்கைத் திரைக்கு இழுத்துவந்தார்கள். பயோவேர் நிறுவனத்தின் ‘நைட்ஸ் ஆஃப் தி ஓல்ட் ரிபப்ளிக்’ (2003) நம்மை ஒளிப்பக்கம், இருள்பக்கம் என ஓர் அளவுகோலில் ஏற்றி இறக்கியது. அதே நிறுவனத்தின் ‘மாஸ் எஃபெக்ட்’ (2007) நல்லவருக்கு நீலம், முரடருக்குச் சிவப்பு எனப் புள்ளிகளைப் பிரித்தது. ஒரு நிறத்தில் போதிய புள்ளி சேர்ந்தால்தான் சில உரையாடல்கள் திறக்கும். ஆகவே ஆடுபவர் ஒவ்வொரு சூழலையும் எடைபோடுவதில்லை. ‘நான் நல்லவனாக ஆடப்போகிறேன்’ என்று தொடக்கத்தில் ஒரு முறை முடிவெடுக்கிறார். பிறகு நீலத்தைத் தேடி அழுத்திக்கொண்டே போகிறார். அந்த நிறுவனத்தின் முன்னாள் வடிவமைப்பாளர் ஒருவர், ஆடியவர்களில் ஏறக்குறைய 92 சதவீதம் பேர் நல்வழியையே தேர்ந்தார்கள் என்று 2020இல் நினைவுகூர்ந்தார். பதில் எதுவென்று முன்பே தெரிந்த தேர்வு அது. அங்கே மனசாட்சிக்கு வேலை இல்லை.

கென் லெவைன் இயக்கத்தில் வந்த ‘பயோஷாக்’ (2007) இந்தச் சிக்கலை இன்னும் தெளிவாக்குகிறது. கடலுக்கடியில் அழிந்துகொண்டிருக்கும் ராப்ச்சர் நகரத்தில், நமக்குச் சக்தி தரும் ஆடம் என்னும் பொருளை உடலில் சுமக்கும் சிறுமிகளைச் சந்திக்கிறோம். ஒரு சிறுமியைக் கொன்று உறிஞ்சினால் 160 ஆடம், காப்பாற்றினால் 80. தன்னலத்தையும் இரக்கத்தையும் மோதவிடும் வலுவான ஏற்பாடு இது. ஆனால் மூன்று சிறுமிகளைக் காப்பாற்றும்போதெல்லாம் 200 ஆடமும் வேறு சில சக்திகளும் பரிசாக வந்துசேர்கின்றன. நன்மை செய்வதால் உண்மையில் பெரிய இழப்பு ஏதும் இல்லை. இழப்பில்லாத தியாகத்தில் ஆடுபவர் தன்னைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

கேம் வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங் அதே ஆண்டு அக்டோபரில் இதைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. பயோஷாக்கின் கதை தன்னலத்தைக் கண்டிக்கிறது, அதன் விதிகளோ தன்னலத்தோடு சக்தியைத் திரட்டச் சொல்கின்றன, இரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றன என்பது அவர் வாதம். கேம் விமர்சனத்துக்கு அது ஒரு நிரந்தரமான பாடத்தைத் தந்தது. கேமின் அறம் அதன் வசனங்களில் மட்டும் இருப்பதில்லை. எதற்குப் பரிசு, எதற்குத் தண்டனை என்ற விதிகளில்தான் அது முதலில் எழுதப்படுகிறது.

மூடிய வழியும் மறைந்த வழியும்

யாகர் என்ற பெர்லின் நிறுவனம் உருவாக்கி 2012இல் வெளிவந்த ‘ஸ்பெக் ஆப்ஸ்: தி லைன்’ இல்லாமல் இந்த விவாதம் நிறைவடையாது. மணற்புயலில் புதைந்த துபாய். அங்கே சிக்கிய அமெரிக்கப் படைப்பிரிவைத் தேடி கேப்டன் வாக்கர் இரண்டு வீரர்களோடு வருகிறான். ஜோசப் கான்ராட்டின் ‘இருளின் இதயம்’ நாவலின் நிழல் கதை முழுவதும் விழுகிறது. வழக்கமான துப்பாக்கிச் சண்டை கேமைப் போலவே தொடங்கி, ஆடுபவரின் காலடியிலிருந்து தரையை மெல்ல உருவிவிடும் கதை இது.

நடுவில் ஓரிடத்தில் எதிரிகளின் முகாம் குறுக்கே நிற்கிறது. வாக்கர் அதன்மேல் வெள்ளைப் பாஸ்பரஸ் குண்டுகளை ஏவ முடிவெடுக்கிறான். கணினித் திரையில் மனிதர்கள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிகிறார்கள். திரையின் கண்ணாடியில் வாக்கரின் முகமும் மங்கலாகப் பிரதிபலிக்கிறது. புள்ளிகள் அடர்ந்த இடத்தை நாம் குறிவைக்கிறோம். பிறகு அந்தப் புகைக்குள் நடந்துபோகும்போதுதான், அங்கே இருந்தவர்கள் அடைக்கலம் பெற்ற பொதுமக்கள் என்று தெரிகிறது. குழந்தையை அணைத்தபடி கருகிப்போன தாயைக் கேம் நேருக்கு நேர் காட்டுகிறது. பிற்பாடு லோடிங் திரைகளில் வரும் வாசகங்களும் ஆடுபவரையே குற்றம்சாட்டத் தொடங்குகின்றன.

இங்கே எழுந்த ஆட்சேபம் நியாயமானது. பாஸ்பரஸைத் தவிர்த்துவிட்டுச் சுட்டே முன்னேறலாம் என்று முயன்றால் எதிரிகள் வந்துகொண்டே இருப்பார்கள்; ஏவாமல் கதை நகராது. வழியை அடைத்துவிட்டு ‘ஏன் அந்த வழியில் போகவில்லை?’ என்று கேட்பது நேர்மையான விசாரணை ஆகாது. கேமை நிறுத்திவிடலாமே என்ற பதிலும் எனக்கு நிறைவளிக்கவில்லை. புத்தகத்தை மூடிவைத்ததால் கோவலன் பிழைப்பதில்லை.

ஆனால் அதே கேமில், விமர்சகர்களின் கவனம் அதிகம் படியாத இன்னொரு காட்சி இருக்கிறது. வாக்கரின் தோழன் லூகோவை அகதிகள் கூட்டமொன்று தூக்கிலிட்டுக் கொன்றுவிடுகிறது. கூட்டம் நம்மைச் சூழ்ந்து கல்லெறிகிறது. உடனிருக்கும் வீரன் சுட அனுமதி கேட்கிறான். திரையில் ‘இதைத் தேர்வுசெய், அதைத் தேர்வுசெய்’ என்ற பட்டியல் எதுவும் வருவதில்லை. ஆத்திரத்தில் கூட்டத்தின்மேல் சுடுகிறவர்கள் உண்டு. துப்பாக்கியை வானத்தை நோக்கித் திருப்பிச் சுட்டாலே போதும், கூட்டம் கலைந்து ஓடிவிடும். அந்த வழி எல்லா நேரமும் அங்கேயே இருந்தது. பல மணிநேரம் மனிதர்களைக் குறிபார்த்தே பழகிய கைக்கு அது தோன்றாமல் போயிருக்கலாம். பாஸ்பரஸ் காட்சி செய்தவரின் வருத்தத்தைத் தருகிறது. இந்தச் சிறிய காட்சிதான் குற்றவுணர்வை உண்மையிலேயே சம்பாதிக்கிறது.

வழியை அடைத்த கேம்கள் எல்லாமே நேர்மையற்றவை என்று இதற்குப் பொருளில்லை. ஃபுமிடோ உவேதாவின் ‘ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்’ (2005) இறந்த பெண்ணொருத்தியை உயிர்ப்பிக்க 16 பேருருவங்களைக் கொல்லச் சொல்கிறது. அவற்றில் சில, நாம் சீண்டும்வரை தம்பாட்டில் இருப்பவை. ஒவ்வொன்றும் சரியும்போது வெற்றி முழக்கத்துக்குப் பதிலாகத் துயர இசை எழுகிறது. கரிய இழைகள் வந்து நாயகனுக்குள் புகுகின்றன. அவன் தோற்றம் கொஞ்சங்கொஞ்சமாகச் சீர்கெடுகிறது. கேம் நம்மை ஒரு சொல்லாலும் திட்டுவதில்லை. நாட்டி டாக் நிறுவனத்தின் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ (2013) முடிவிலும் அப்படித்தான். வளர்ப்பு மகளாகிவிட்ட எல்லியைக் காப்பாற்ற, மருந்து கண்டுபிடிக்கவிருந்த அறுவை மருத்துவரை ஜோயல் கொன்றே ஆக வேண்டும். நமக்குத் தேர்வு இல்லை, தீர்ப்பும் சொல்லப்படுவதில்லை. ஒரு துயர நாடகத்தின் உள்ளே கைகளோடு நிற்கிறோம், அவ்வளவே. தேர்வைத் தராத கேம் பழியையும் சுமத்தாமல் இருந்தால் அது ஆடுபவருக்குத் துரோகம் செய்வதில்லை.

வயிற்றுப்பாட்டின் அறம்

லூகாஸ் போப் என்ற ஒற்றை மனிதர் 2013இல் உருவாக்கிய ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ கேமில் துப்பாக்கிச் சாகசத்துக்கு இடம் குறைவு. காலம் 1982, ஆர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாடு, நாம் எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட் சரிபார்க்கும் ஊழியர். ஒருவரைச் சரியாகப் பரிசீலித்து அனுப்பினால் கூலி உண்டு. பிழை செய்தால் முதல் இரண்டுக்கு எச்சரிக்கை, அதற்குமேல் அபராதம். நாள் முடிந்ததும் வாடகை, உணவு, வீட்டுக்கு வெப்பம், நோயாளிக்கு மருந்து என்று கணக்குப் பார்க்க வேண்டும். காசு போதாது.

ஒருநாள் ஒருவர் எல்லாக் காகிதங்களும் சரியாக இருக்க, எல்லையைக் கடக்கிறார். அடுத்து வருபவள் தன் மனைவி, அவளிடம் பரிவு காட்டுங்கள் என்று கேட்டுவிட்டுப் போகிறார். அவளிடம் நுழைவு அனுமதிச் சீட்டு இல்லை. பச்சை முத்திரையா, சிவப்பு முத்திரையா? இங்கே நீலப் புள்ளி கிடையாது. அவளை உள்ளே விட்டால், விதிமீறலுக்கான சீட்டு அச்சாகி நம் மேசைக்கு வரும். பிறிதொரு நாள் காவலர் ஒருவர், ஆட்களைத் தடுத்துவைத்தால் தனக்குக் கிடைக்கும் தொகையில் நமக்கும் பங்கு தருவதாகச் சொல்கிறார். அன்றுமுதல் சிறு பிழையோடு வரும் பயணி நம் கண்ணுக்கு வேறு மாதிரி தெரியத் தொடங்குகிறார். திருப்பி அனுப்பியிருக்க வேண்டியவரைச் சிறைக்கு அனுப்பும் பொத்தானைத் தேடுகிறது கை. வீட்டில் மகனுக்குக் காய்ச்சல்.

இந்தக் கேமின் மேதைமை, தீமைக்கு நாற்சந்தி வைக்காததில் இருக்கிறது. நல்லது இந்தப் பக்கம், கெட்டது அந்தப் பக்கம் என்ற கைகாட்டிகள் இல்லை. வரிசை நீள்கிறது, கடிகாரம் ஓடுகிறது, வேலை பழகிவிடுகிறது. பழக்கத்தின் வேகத்தில் ஒரு மனிதர் ஒரு காகிதமாகிவிடுகிறார். இதை வசனமாகச் சொல்லியிருந்தால் தலையசைத்துவிட்டுக் கடந்திருப்போம்.

போலந்தின் 11 பிட் ஸ்டுடியோஸ் 2014இல் வெளியிட்ட ‘திஸ் வார் ஆஃப் மைன்’, 1992 முதல் 1996 வரை நீடித்த சரயேவோ முற்றுகையிலிருந்து உந்துதல் பெற்றது. போர்வீரர்களுக்குப் பதிலாக, முற்றுகையில் சிக்கிய சாதாரண மக்களை நாம் கவனித்துக்கொள்கிறோம். இரவில் ஒருவர் வெளியே போய்ப் பொருள் தேடி வர வேண்டும். போகக்கூடிய இடங்களில் ஒன்று முதிய தம்பதி வாழும் வீடு. அவர்களால் எதிர்த்து நிற்க முடியாது. உணவும் மருந்தும் இருக்கின்றன. எடுத்துவிட்டுத் திரும்பினால், எடுத்துவந்தவரும் நம் வீட்டிலிருப்பவர்களும் மனம் உடைந்துபோகிறார்கள். சோர்வு முற்றினால் வேலை செய்யவும் மறுப்பார்கள். இங்கே குற்றவுணர்வு திரையில் வரும் அறிவுரையாக இல்லாமல் கேமின் இயக்கத்திலேயே கலந்திருக்கிறது. இதைப் பள்ளிகளுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாகப் போலந்து அரசு 2020இல் அறிவித்ததில் வியப்பில்லை.

திரும்பிப் பார்க்கும் கேம்

கேமின் அறத்துக்குப் பெரிய எதிரி, சேவ் செய்யும் வசதி. தவறு செய்தால் பழைய இடத்திலிருந்து மீண்டும் தொடங்கலாம் என்றால் எந்தச் செயலுக்கும் கனமில்லை. இதற்கு இருவிதமான விடைகள் கிடைத்திருக்கின்றன.

ஒன்று, விளைவைத் தள்ளிவைப்பது. ‘தி விட்சர் 3’ (2015) கேமில், மரத்தடியில் சிறைப்பட்ட ஓர் ஆவியை விடுவித்தால் அநாதைக் குழந்தைகள் தப்புகிறார்கள். ஆனால் ஓர் ஊர் அழிகிறது. வேறொரு பெண் உயிரிழக்கிறாள். அவள் கணவன் தூக்கிட்டுக்கொள்கிறான். ஆவியைக் கொன்றாலோ குழந்தைகள் பலியாகிறார்கள். இந்த முடிச்சுகள் அவிழ்வதற்குள் ஆடுபவர் வெகுதூரம் வந்துவிடுகிறார். திரும்பிப் போய்த் திருத்த மனம் வருவதில்லை.

மற்றொன்று, டோபி ஃபாக்ஸின் ‘அண்டர்டேல்’ (2015) கண்ட விடை. அதில் எதிர்ப்படும் எவரையும் கொல்லாமலே முடிவுக்குச் செல்லலாம். பலர் பழக்கத்தின் பேரில், தாயைப்போலப் பேணிய டோரியலைத் தொடக்கத்திலேயே கொன்றுவிடுகிறார்கள். மனம் பொறுக்காமல் பழைய சேவிலிருந்து மறுபடி தொடங்கி அவளைத் தப்பவிடுகிறார்கள். அதன்பின் ஃபிளவி என்ற பூ வந்து, நீ முதலில் செய்தது எனக்குத் தெரியும் என்கிறது. அழித்துவிட்டோம் என்று நம்பிய தவற்றுக்கு ஒரு சாட்சி கிடைத்துவிடுகிறது. எல்லோரையும் கொன்று தீர்க்கும் பாதையும் உண்டு. அது சலிப்பான கடும் உழைப்பைக் கேட்கிறது. ஆர்வத்தால் மட்டுமே அதை முடித்தவர்களுக்கு, பிறகு எவ்வளவு நல்லவராக ஆடினாலும் நல்ல முடிவில் ஒரு கறை நிலைத்துவிடுகிறது. ‘என்ன நடக்கும் என்று பார்க்கத்தான் செய்தேன்’ என்பதே ஆடுபவர்களின் முதல் சமாதானம். அதையே விசாரணைக்கு எடுத்ததுதான் அண்டர்டேலின் துணிச்சல்.

ஆய்வுகள் காட்டுவது

இந்தக் கலக்கம் உண்மையா, விமர்சகர்களின் கற்பனையா என்ற கேள்விக்கு உளவியல் ஆய்வுகள் ஓரளவு பதில் தருகின்றன. டிலோ ஹார்ட்மனும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், நியாயமற்ற மெய்நிகர் வன்முறையில் ஈடுபட்டவர்களிடம் குற்றவுணர்வு கூடியது. பிறர் துன்பம் உணரும் இயல்புள்ளவர்களிடம் அது அதிகமாக இருந்தது. மாத்யூ கிரிஸார்ட் குழுவினரின் 2014ஆம் ஆண்டு ஆய்வு ஒரு படி மேலே போனது. கேமில் தீவிரவாதியாக ஆடியவர்களுக்கு எழுந்த குற்றவுணர்வு, பிறருக்குத் தீங்கு செய்யாமை, நியாயம் ஆகியவற்றில் அவர்களுடைய கூருணர்வோடு தொடர்புகொண்டிருந்தது.

ஆனால் கிரிஸார்டே பின்னர் செய்த ஆய்வு நம்மை எச்சரிக்கிறது. ஒரே கேமைத் திரும்பத் திரும்ப ஆடினால் அந்தக் குற்றவுணர்வு தேய்ந்துபோகிறது. பேப்பர்ஸ், ப்ளீஸ் கதையாகக் காட்டியதை இது ஆய்வகத்தில் காட்டுகிறது என்றே கொள்ளலாம். பழக்கம் மனத்தை மரத்துப்போகச் செய்கிறது. ஆகவே குற்றவுணர்வை மேலும் மேலும் கூட்டுவது எந்தக் கேமுக்கும் நீடித்த வழியாகாது. அதிர்ச்சியின் அளவைக் கூட்டுவது அதைவிடக் குறுகிய வழி. ‘கால் ஆஃப் டியூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2’ (2009) விமான நிலையப் படுகொலைக்கு நடுவே ஆடுபவரை நடக்கவிட்டது. சுடாமலும் நடக்கலாம், அந்தப் பகுதியையே தவிர்த்துவிடலாம். அப்படியும் உலகெங்கும் கண்டனம் எழுந்தது. சுட்டாலும் சுடாவிட்டாலும் எதுவும் மாறாத அந்தக் காட்சி நம்மிடம் கேட்பதற்கு ஒன்றும் வைத்திருக்கவில்லை என்பதே என் மதிப்பீடு.

எதைக் கொண்டு மதிப்பிடுவது

கோபன்ஹேகனில் கேம்களின் அறத்தை ஆராய்ந்த மிகேல் சிகார்ட், ஆடுபவரை அறச்சிந்தனை உள்ள மனிதராக மதிக்க வேண்டும் என்று தன் நூல்களில் வலியுறுத்துகிறார். அந்த மதிப்பை வைத்தே ஒரு கேமை எடைபோடலாம். அது தன் தீர்ப்பை எண்ணாகவும் நிறமாகவும் எழுதி நீட்டினால், நம்மைப் புள்ளி சேர்ப்பவராக மட்டுமே காண்கிறது. வழியை அடைத்துவிட்டுப் பழித்தால், நம்மைக் கைப்பாவையாக வைத்துக்கொண்டு மனிதராக விசாரிக்கிறது. கடினமான வழியொன்றைத் திறந்துவைத்து, அதற்கான விலையை உண்மையிலேயே வாங்கிக்கொண்டு, நாம் செய்ததை மறக்காமலும் இருந்தால், நம் முடிவுக்கு நம்மைப் பொறுப்பாளராக ஏற்றுக்கொள்கிறது.

இதில் இன்னும் எட்டப்படாத பகுதி ஒன்று இருக்கிறது. தவறு செய்தவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைக் கேம்கள் அரிதாகவே கேட்கின்றன. குற்றத்தைக் காட்டியதும் திரை இருண்டு, உருவாக்கியவர்களின் பெயர்கள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. வாழ்க்கையில் அறத்தின் பெரும்பகுதி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது: ஒப்புக்கொள்வது, ஈடுசெய்வது, மன்னிப்பு கிடைக்காதபோதும் நல்லபடி வாழ்வது. துப்பாக்கிக்கும் முத்திரைக்கும் இவ்வளவு நுட்பமான விதிகளைக் கண்டுபிடித்த கலைக்கு, ஈடுசெய்வதற்கான விதிகளையும் கண்டுபிடிக்கும் திறன் உண்டு. அடுத்த தலைமுறைக் கேம் எழுத்தாளர்களிடம் நாம் கேட்க வேண்டியது அதைத்தான்.